ஒரே துணியில் நம் ஊர்: சுங்கை சிப்புட் மாணவர் அமைதி ஓவியம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகள் சேர்ந்து வரையும் பெரிய துணி ஓவியத்தைப் பற்றிப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகத் திரட்டியிருக்கிறோம். சில பதில்கள் நீளம். அவசரமில்லாமல் படியுங்கள்.

இது என்ன திட்டம்?

தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளி, இடைநிலைப்பள்ளி, அப்புறம் மலைப்பக்கத்துத் தெமியார் பூர்வகுடி கிராமங்கள் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் கூடி ஒரே துணியில் ஒரே ஓவியம் வரைகிறார்கள். வயது பத்திலிருந்து பதினைந்து வரை. தலைப்பு, ‘நம் ஊரில் அமைதி’. தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் வேறு இனத்தைச் சேர்ந்த ஒரு வீட்டுக்குப் போய், அங்குள்ள பெரியவரிடம் உட்கார்ந்து கதை கேட்க வேண்டும். அங்கே கேட்டதைத்தான் துணியில் வரையலாம். எங்களுக்கு இருக்கும் பெரிய விதி இது ஒன்றுதான்.

அமைதியைப் பற்றிப் போர் நடக்கும் நாட்டில் பேசலாம். தோட்டத்து ஊரில் எதற்கு?

அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் இளம் பெற்றோர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், அதாவது அரசுக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் நடந்த சண்டைக் காலம், 1960 ஜூலை கடைசியில்தான் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, இருந்த இடத்திலிருந்து பெயர்த்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். தோட்டத்து லயங்களுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வேலி வந்தது, ஊரடங்கு வந்தது. அரிசி ஒரு கைப்பிடி கூடுதலாக எடுத்துப் போனாலும் சோதனையில் பிடிபடும் காலம். காட்டிலிருந்து கீழே இறக்கப்பட்ட பூர்வகுடி மக்கள் பலர் முகாம்களில் நோய் கண்டு செத்தார்கள். காவல்படையில் சேர்ந்து வீடு திரும்பாத மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதற்கும் முன்னால் ஜப்பான்காரன் காலம். 1942, 1943-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. அதே ஆண்டுகளில் சீனக் குடும்பங்கள் ஆண்களைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தன.

எல்லா வீட்டிலும் இழவு விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. தமிழ்ப் பிள்ளைக்கு மரண ரயில் தெரியும், புதுக்கிராமத்து முள்வேலி தெரியாது. சீனப் பிள்ளைக்கு முள்வேலி தெரியும், மரண ரயில் தெரியாது. ஆளுக்கொரு பள்ளி, ஆளுக்கொரு மொழி. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடந்தும் ஒருவரையொருவர் அறியாமல் வளர்கிறார்கள். “எங்களுக்கு மட்டும்தான் கஷ்டம் வந்தது” என்று ஒரு பிள்ளை நினைக்க ஆரம்பித்தால், நாளைக்கு யாரோ பரப்பும் ஒரு பொய்ச் செய்தி அந்த மனத்தில் பற்றிக்கொள்ளும். நாங்கள் பயப்படுவது அதற்குத்தான்.

யாருடைய தவறு, யாருடைய நியாயம் என்றெல்லாம் பிள்ளைகள் வரைவார்களா?

மாட்டார்கள். அவசரகாலத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது பிள்ளைகள் வேலை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பாட்டி எப்படிச் சோறாக்கினார், எந்தப் பாதையில் தண்ணீர் தூக்கினார், யார் வீட்டில் ஒளிந்துகொண்டார் என்பதை வரைவார்கள்.

துணி ஏன் இவ்வளவு பெரிது?

துணியின் அளவு 3.5 மீட்டருக்கு 7.8 மீட்டர். இந்த அளவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1937 ஏப்ரல் 26-ஆம் தேதி, ஸ்பெயினில் குவெர்னிக்கா என்ற சிறிய ஊரை ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டு எரித்தன. செய்தியைப் பாரிஸில் இருந்து படித்த பிக்காசோ, மே மாதம் தொடங்கி ஜூன் முதல் வாரத்துக்குள் ஒரு பெரிய ஓவியத்தை முடித்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் கிடையாது. செத்த குழந்தையை ஏந்திக் கதறும் தாய், அலறும் குதிரை, எரியும் வீடு. ஊரின் பெயரையே ஓவியத்துக்கும் வைத்தார். இன்றைக்கு அது மட்ரிட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆன 1995-இல், அதே அளவுத் துணியில் பிள்ளைகள் அமைதி ஓவியம் வரையும் ‘கிட்ஸ் குவெர்னிக்கா’ என்ற முயற்சி ஜப்பானில் தொடங்கியது. அப்புறம் பல நாடுகளுக்குப் பரவியது. பெரியவர் ஒருவர் போரின் கொடுமையை வரைந்த அளவில், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய உலகத்தை வரைகிறார்கள். அந்த எண்ணம் எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, அதனால் அளவை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். குவெர்னிக்காவும் நம் ஊரைப் போல ஒரு சின்ன ஊர்தான் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தோம்.

மூன்று இனத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்பது போல அழகாக வரையலாமே?

வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். வேட்டி கட்டிய ஒருவர், சோங்கோக் (மலாய்த் தொப்பி) போட்ட ஒருவர், சிவப்புச் சட்டை போட்ட ஒருவர், நடுவில் பூமி உருண்டை, மேலே ஒரு புறா. இந்தப் படத்தை எந்தப் பிள்ளையும் யாரையும் சந்திக்காமலே, கட்டிலில் படுத்துக்கொண்டே வரைந்துவிடும். அதில் உள்ள மூன்று பேருக்கும் பெயர் கிடையாது, வீடு கிடையாது.

எங்களுக்கு வேண்டியது கண்ணால் பார்த்த பொருள். ஒரு சீன வீட்டுக்குப் போன ஆறாம் ஆண்டு மாணவி, அந்தத் தாத்தா பத்திரப்படுத்தி வைத்திருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை வரைந்து கொண்டுவந்தாள். சீனர்களும் பால் வெட்டினார்கள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. “எங்க பாட்டிகிட்டயும் இதே கத்திதான் டீச்சர்” என்றாள். வளைந்த முனையையும் பிடியில் சுற்றியிருந்த துணியையும் அவ்வளவு கவனமாக வரைந்திருந்தாள். இப்படி ஒரு படம் வந்தால் போதும், நூறு புறாக்களை விட்டுவிடலாம்.

முன்பின் தெரியாத வீட்டில் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்?

தனியாக அனுப்புவதில்லை. மூன்று பேர் கொண்ட குழு, கூட ஒரு ஆசிரியரோ பெற்றோரோ போவார். எந்த வீடு, எந்த நேரம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவோம். மலாய்ப் பெரியவர்களை ‘பாக்சிக்’ (மாமா), ‘மாக்சிக்’ (அத்தை) என்று கூப்பிடவும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சலாம் சொல்லி நுழையவும் சொல்லிக்கொடுக்கிறோம். நம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தாத்தா, பாட்டி என்று கூப்பிடச் சொல்லித் தருகிறோம். அவர்கள் ‘தாத்தா’ என்று தடுமாறிச் சொல்லும்போது நம் பெரியவர்கள் முகம் மலர்ந்துபோகிறது.

“உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எந்தப் பெரியவரும் வாய் திறக்க மாட்டார். பொருளைக் காட்டிக் கேட்கச் சொல்கிறோம். இந்தத் தட்டு யாருடையது? இந்தப் போட்டோவில் இருப்பது யார்? சின்ன வயதில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நம் வீடு என்றால், பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பது) எத்தனை மணிக்குப் போனீர்கள், ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) உங்களைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்கலாம். பெரியவர் அழுதால் கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி. “இதை வரையாதீங்க” என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது.

ஓவியத் திட்டத்தில் ஓலை பின்னுவது எதற்கு?

முதல் சந்திப்பிலேயே பிள்ளைகளை வண்ணத்தின் முன் உட்காரவைத்தால், தங்களுக்குத் தெரிந்தவர்கள் பக்கமாக ஒதுங்கிவிடுவார்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். அதற்கு ஓலையைப் போல் ஒன்று கிடையாது.

கோயில் திருவிழாவுக்கு நாம் குருத்தோலையில் தோரணம் கட்டுகிறோம், கிளி செய்கிறோம். அதே குருத்தோலையில்தான் மலாய்க்காரர்கள் ஹரி ராயாப் பெருநாளுக்கு, அரிசியை உள்ளே வைத்து வேகவைக்கும் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார்கள். சீனர்கள் ஐந்தாம் சந்திர மாதத்தில் மூங்கில் இலையைக் கூம்பாக மடித்து அரிசியை வைத்துக் கட்டுகிறார்கள். தெமியார் பெண்கள் தாழை ஓலையில் பாய் முடைகிறார்கள். மூன்று வகை இலைகளையும் ஒரே மேசையில் பரப்பிவைத்தோம். உணவு எதுவும் வைக்கவில்லை, இலை மட்டும். அதனால் யாருக்கும் தயக்கம் வரவில்லை.

கெத்துப்பாட் பின்ன இரண்டு ஓலைகளை எதிரும் புதிருமாகக் கையில் சுற்றிக்கொண்டு, ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக நுழைக்க வேண்டும். எங்கேயாவது ஒரு தாவல் விட்டுப்போனால் கூடு மூடாது. தோரணம் கட்டிப் பழகிய ஒரு பையன் தவறிய இடத்தைச் சட்டென்று கண்டுபிடித்து, பக்கத்திலிருந்த மலாய்ப் பையனுக்கு விரலால் காட்டினான். இரண்டு பேருக்கும் அதுவரை ஒரு வார்த்தை பேச்சு இல்லை. அந்த ஓலை வரிசைதான் இப்போது ஓவியத்தின் நான்கு ஓரங்களிலும் கரையாக ஓடப்போகிறது. இதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்தார்கள்.

ரப்பர் பாலில் வரைகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். பாலைத் தூரிகையால் கோடாக இழுத்துக் காயவிட வேண்டும். அதன் மேல் வண்ணத்தைத் தண்ணீர் விட்டு மெலிதாகப் பூச வேண்டும். வண்ணம் காய்ந்ததும் பாலை விரலால் உரித்தால், அடியில் வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும். கிளந்தான், திரங்கானுவில் பாத்தேக் துணிக்கு மெழுகு செய்யும் வேலையை இங்கே பால் செய்கிறது. ஓவியக் கடையில் சின்னப் புட்டியில் விற்கும் மறைப்புத் திரவத்திலும் இருப்பது பெரும்பாலும் ரப்பர் பால்தான்.

நம் வட்டாரத்தில் பெரும்பகுதி செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிவிட்டாலும், சிறு தோட்டக்காரர்கள் சிலரிடம் இன்னும் பால் மரம் இருக்கிறது. பாலை அப்படியே வைத்தால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், அதனால் அம்மோனியா கலந்து வைக்க வேண்டும். கலப்பதைப் பெரியவர்கள் வெளிக்காற்றில் செய்துவிடுகிறோம். தூரிகையை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிப்போய்த் தூரிகையே வீணாகிவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இதைத் தொடக் கூடாது. பதிவுத் தாளில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அவர்களுக்கு மெழுகு வண்ணக் குச்சி இருக்கிறது.

சமயச் சின்னங்களை வரையலாமா?

தெய்வ உருவங்கள், வேத வாசகங்கள் எதையும் துணியில் வரைவதில்லை என்று எல்லாத் தரப்பும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். துணி தரையில் விரிக்கப்படும், பிள்ளைகள் அதன் மேல் முழந்தாளிட்டு வரைவார்கள். சாமி படத்தின் மேல் கால் படுவதை நாமே தாங்க மாட்டோம். பண்டிகையைக் காட்ட விரும்பினால் வாசல் கோலம், விளக்கு, வெற்றிலைத் தட்டு வரையலாம். மலாய்க் கல்யாணத்திலும் வெற்றிலைத் தட்டு உண்டு என்பதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் இரண்டையும் அருகருகே வரையக் கேட்டிருக்கிறார்கள்.

தேசியக் கொடி வரைபவர்கள் எண்ணிப் பார்த்து வரையுங்கள். கோடுகள் 14, நட்சத்திரத்தின் முனைகளும் 14. ஒன்று குறைந்தாலும் ஊரில் பேச்சாகிவிடும்.

நோன்பு மாதத்தில் நடக்குமா? சாப்பாடு எப்படி?

நோன்பு மாதத்தில் சந்திப்பு வைப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் கிடையாது. சாப்பாடு எல்லாரும் சாப்பிடக்கூடிய ஹலால் சைவம்.

அவ்வளவு பெரிய துணியில் எல்லாரும் ஒரே நேரத்தில் எப்படி வரைவது?

முடியாது. துணியின் சுற்றளவு 22 மீட்டர் சொச்சம். ஆளுக்கு ஒரு மீட்டர் விட்டால் இருபது பிள்ளைகள்தான் சுற்றி உட்கார முடியும். ஆகவே முறைவைத்து வருவார்கள், ஒவ்வொரு முறையிலும் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். பொது மண்டபத்துப் பூப்பந்துத் (பேட்மிண்டன்) திடல் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர் என்பதால், வலையை எடுத்துவிட்டால் துணி அதற்குள் நன்றாக அடங்கிவிடும்.

நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தை முதலில் முடித்துவிட்டால் நடுவுக்குப் போகும்போது ஈரத்தை மிதிப்போம். வேலை காலையில் மட்டும். மதியத்துக்கு மேல் நம் ஊரில் மழை பிடித்துக்கொண்டால் வண்ணம் காயாது.

என் பிள்ளைக்கு வரையவே வராது. சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். கதை கேட்பவர், எழுதிக்கொள்பவர், வண்ணம் கலப்பவர், பின்னணி பூசுபவர் என்று எல்லாருக்கும் வேலை இருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம்.

எந்த மொழியில் பேசுவார்கள்?

பொதுவில் மலாய். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் மலாயில் பேசக் கூச்சப்படுகிறார்கள். சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே கூச்சம் என்று பார்த்ததும் அது போய்விடுகிறது. ஓவியத்தின் கீழே ஒட்டும் கதைக் குறிப்புகள் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் வரும். தெமியார் வீட்டுக் கதைகள் தெமியார் மொழியிலும், ரோமன் எழுத்தில்.

பரிசு உண்டா?

கிடையாது. ஒரு துணியில் யாருடைய தூரிகை முதலிடம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைக்குப் போட்டியில் ஆர்வம் இருந்தால், அரிமா சங்கம் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு 1988-லிருந்து உலக அளவில் அமைதிச் சுவரொட்டிப் போட்டி நடத்திவருகிறது. உள்ளூர் அரிமா சங்கத்தின் மூலம் அதில் தனியாகச் சேரலாம்.

படிப்பு கெடாதா?

வார இறுதியில் மட்டும் நடக்கிறது. தேர்வுக் காலத்தில் இடைவேளை.

பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஒன்றரை மீட்டர் அகலக் கேன்வாஸ் துணியில் மூன்று நீளங்களை ஊர்த் தையற்காரர் சேர்த்துத் தைத்துக் கொடுக்கிறார். பூச வேண்டிய பரப்பு 27 சதுர மீட்டர். சுவர் வண்ணம் சுவரில் லிட்டருக்குப் பத்துச் சதுர மீட்டர் வரை ஓடும், ஆனால் துணி நிறையக் குடிக்கும். அடிப்பூச்சுக்கு மட்டும் 5 லிட்டர் டின் ஒன்று போய்விடும். உதவ விரும்புபவர்கள் காசாகத் தராமல் வண்ணமாக, தூரிகையாக, பழைய செய்தித்தாளாகத் தரலாம். 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். அவர் பிறந்த ஊர் இது. சின்னக் கைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளின் புகைப்படத்தை இணையத்தில் போடுவீர்களா?

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முகம் தெரியும் படம் எதுவும் வெளியே போகாது. பெரியவர்களின் பெயரும் அவர்கள் சம்மதித்தால் மட்டுமே எழுதப்படும்.

முடிந்த பிறகு ஓவியம் எங்கே இருக்கும்?

செப்டம்பர் 21 ஐக்கிய நாடுகளின் அனைத்துலக அமைதி நாள். அன்றைக்கு முதன்முதலில் மேலே ஏற்ற நினைக்கிறோம். இந்த ஊருக்கும் ஐ.நா.வுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1954-இல் இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்துவைக்க வந்தவர் விஜயலட்சுமி பண்டிட், ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி. காந்தி பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியை ஒரு தோட்டத்து ஊரில் எழுப்பி, அதற்கு அவரை வரவழைத்த பெரியவர்களின் மனத்தை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அப்புறம் துணி ஒவ்வொரு பள்ளியாகச் சுற்றும். மேல் ஓரத்தில் அரை மீட்டருக்கு ஒரு வளையம் வைத்துத் தைத்திருப்பதால் எந்த மண்டபத்திலும் கயிறு கட்டித் தொங்கவிடலாம். மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் வண்ணம் வெடிக்கும். தடித்த பிளாஸ்டிக் குழாயில், வண்ணம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்ட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மாதம் ஒரு முறை விரித்துக் காற்றாட வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பைப் பள்ளிகள் மாறி மாறி எடுத்துக்கொள்கின்றன.

எங்கள் ஊரிலும் செய்யலாமா?

செய்யுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. துணி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கட்டில் விரிப்பு போதும். ஆனால் வீட்டுக்கு வீடு போய்க் கதை கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஓவியத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருக்கும் வீடுகளை முதலில் பட்டியல் போடுங்கள், அவர்களிடம் இந்த மாதமே போங்கள்.